பொறுமை கேட்டால் பிரச்சினை வருகிறதே, ஏன்?

கேள்வி இதுதான்: "எட்டு மாதமாகத் தினமும் காலையில் இரண்டே விஷயங்கள்தான் வேண்டிக்கொள்கிறேன். பொறுமை வேண்டும், பயம் போக வேண்டும். பணமோ பதவியோ கேட்கவில்லை. ஆனால் வேண்ட ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் மோசமாகியிருக்கிறது. வேலையில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் புது மேலதிகாரி. வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். போதாததற்கு, பலர் முன்னால் நின்று பேசியே தீரவேண்டிய பொறுப்பு ஒன்றும் தலையில் விழுந்திருக்கிறது. 'பொறுமை கேட்டால் கடவுள் சோதனையைத்தான் கொடுப்பார்' என்கிறார்கள். அது உண்மையா? அப்படியானால் இந்த வேண்டுதலை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். அதே சமயம், "சோதனையைத்தான் கொடுப்பார்" என்பதை அப்படியே விழுங்கவும் வேண்டாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி பலரைக் காயப்படுத்தியிருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியிருப்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது எப்படிப்பட்ட பொருள் என்று முதலில் பாருங்கள். ஒருவர் வீடு வேண்டும் என்று வேண்டினால், அந்த வீடு எங்கோ தனியாக இருக்கிறது, ஒரு நாள் அவர் கைக்கு வரலாம். பொறுமை அப்படித் தனியாக எங்கும் இருப்பதில்லை. கத்திவிடலாம் போல இருக்கும் ஒரு நேரத்தில் ஒருவர் கத்தாமல் நிற்கிறாரே, அங்கே அப்போது நடப்பதற்குத்தான் பொறுமை என்று பெயர். எரிச்சலுக்கு இடமே இல்லாத ஒரு நாளில் அமைதியாக இருப்பவருக்குத் தான் பொறுமைசாலியா இல்லையா என்பதே தெரியாது. தைரியமும் பயம் இருக்கும் இடத்தில்தான் உண்டாகும். யாரும் நமக்குத் தவறு செய்யாத வரை மன்னிக்கும் குணம் நம்மிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே குணத்தை மட்டும் தனியே எடுத்து ஒருவர் கையில் வைப்பதற்கு வழியில்லை. அது பிறக்கிற இடத்துக்கு அவரை அழைத்துப்போகத்தான் முடியும்.

உடம்பும் இப்படித்தான். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892-இல் எழுதினார். விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு, உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதைத் தடுக்கத்தான் அங்கே தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பாரம் இல்லாத சுகம் எலும்பைக் கரைக்கிறது. ஆனால் அளவுக்கு மீறிய பாரம் அதே எலும்பை முறித்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

சரி, உங்கள் வேண்டுதல்தான் இந்தப் பிரச்சினைகளைக் கொண்டுவந்ததா? நான் அப்படி நம்பவில்லை. உங்களுக்குப் பொறுமை கற்றுத்தருவதற்காக இன்னொரு மனுஷி படுக்கையில் விழுந்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் மாமியாரின் நோய் அவருடைய வாழ்க்கையில் நடக்கும் விஷயம். வலி அவருடையது, பயமும் அவருடையது. அவரை உங்கள் பாடத்துக்கான கருவியாகப் பார்க்க ஆரம்பித்தால், அவரைப் பார்த்துக்கொள்ளும் கையில் அன்பு வற்றிவிடும்.

நடந்தது வேறொன்று என்று நினைக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பும் உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். கத்திவிட்டு மறந்திருப்பீர்கள். இப்போது காலையில் "பொறுமை கொடு" என்று கேட்டுவிட்டுப் போகிறீர்கள். பத்து மணிக்குக் குரல் உயரும்போதே காலையில் கேட்டது ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு சறுக்கலும் கண்ணில் படுகிறது. அதனால் சறுக்கல்களே கூடிவிட்டது போலத் தோன்றுகிறது. இருட்டு அறையில் விளக்கைப் போட்டால் தூசி தெரியும், விளக்கு தூசியைக் கொண்டுவருவதில்லை. இந்தக் கண் திறப்புதான் உங்களுக்கு வந்த பதிலின் முதல் பகுதி. பலர் இதைப் பின்னடைவு என்று நினைத்து இங்கேயே வேண்டுதலை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கேள்வி ரொம்பப் பழையது. நபிகள் நாயகத்தின் சொற்களையும் செயல்களையும் தொகுத்த திர்மிதி ஹதீஸ் நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. "இறைவா, எனக்குப் பொறுமையைக் கொடு" என்று ஒருவர் வேண்டுவதை நபிகள் நாயகம் கேட்கிறார். நீர் கேட்டது சோதனையை அல்லவா, நலத்தைக் கேளும் என்று அவரிடம் சொல்கிறார். உங்களிடம் மற்றவர்கள் சொன்னது கிட்டத்தட்ட இந்த முதல் பாதிதான். இரண்டாம் பாதியை யாரும் சொல்லவில்லை. துன்பத்தை வலிய அழைக்கச் சொல்லவில்லை, நலத்தைக் கேட்கச் சொல்கிறது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரி இருக்கிறது. கஷ்டம் வேண்டாம் என்று கேட்பது பக்திக் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் மரபில் இதற்கு மிக நெருக்கமான கதை அப்பருடையது. தம்பி சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிவிட்டார். அக்கா திலகவதியார் திருவதிகையில் இறைவனிடம் தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருக்கிறார். சூலை நோயைக் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்று கனவில் பதில் வருகிறது என்கிறார் சேக்கிழார். நேசத்தோடு கேட்ட ஒரு வேண்டுதலுக்கு வயிற்றைப் பிசையும் வலி பதிலாக வந்த கதை இது. ஆனால் நான் மறுபடி மறுபடி நின்று யோசிக்கும் இடம் இதற்கு அடுத்தது. வலியோடு அக்காவிடம் திரும்பி வந்த அப்பர் கோயிலில் நின்று பாடிய முதல் பதிகத்தில், நல்ல வலி கொடுத்தாய், நன்றி என்று பாடவில்லை. எமனைப் போல வந்திருக்கும் இந்த வலியை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று முறையிடுகிறார். "ஆற்றேன் அடியேன்" என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று பொருள். அந்த முறையீடுதான் தேவாரமாக நம் கையில் இருக்கிறது. ஆகவே உங்களால் தாங்க முடியவில்லை என்று சொல்லத் தோன்றும்போது, அதையே வேண்டுதலாகச் சொல்லுங்கள். முகத்தில் புன்னகையை ஒட்டிக்கொண்டு கடவுள் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

"எங்களுக்கு மேலும் மேலும் ஆபத்துகள் வரட்டும், அப்போதுதானே உன் தரிசனம் கிடைக்கிறது" என்று குந்தி கண்ணனிடம் கேட்டதைச் சொல்லி உங்களை யாராவது வெட்கப்பட வைக்கலாம். பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில் வரும் அந்தப் பிரார்த்தனை உண்மையிலேயே பெரியது. ஆனால் அவர் அதை எப்போது சொன்னார் என்று பாருங்கள். விஷம், அரக்கு மாளிகை, சூதாட்ட சபை, காடு, போர், எல்லாம் முடிந்து கண்ணன் துவாரகைக்குக் கிளம்பும்போது சொன்னார். எரிகிற அரக்கு மாளிகைக்குள் நின்று சொன்னதில்லை. கடந்து வந்தவருடைய சொல்லை, கடந்துகொண்டிருப்பவர் கடன் வாங்கிச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு நாள் அது வரலாம், வராமலும் போகலாம்.

பைபிளில் வரும் பவுலின் கதை சுருக்கமானது. தன் உடம்பில் இருந்த ஒரு "முள்" நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

இப்போது என் அனுபவத்தைச் சொல்கிறேன். புத்தகத்தில் படித்ததைவிட இதிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன்.

என் அம்மாவுக்கு மறதி நோய் வந்தபோது, மாலை ஆனால் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அப்பா எப்ப வருவாங்க?" அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாலையில் இருபது, முப்பது தடவை கேட்பார். நான் தினமும் காலையில் பொறுமை கேட்டுவிட்டுத்தான் அவர் அறைக்குள் போவேன். முதல் ஐந்து தடவை மெதுவாகச் சொல்வேன், "அப்பா இறந்துட்டாங்கம்மா." பத்தாவது தடவை குரல் மாறும். அதற்கப்புறம் நான் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. என் வேண்டுதல் சுவரில் மோதித் திரும்புகிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் நான் சொல்லி முடித்ததும் அம்மா அழுதார். புதிதாகக் கேள்விப்பட்டவர் போல அழுதார். அப்போதுதான் உறைத்தது, அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்திதான். தினமும் முப்பது தடவை நான் அவருக்குக் கணவரின் சாவைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கேட்டது தகவலே இல்லை. அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் கேட்டபோது, "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா, உன்னை முதல்ல எங்க பார்த்தாங்க?" என்றேன். அம்மா சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் அந்தக் கேள்வி வரவில்லை.

அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ள பலம் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். கிடைத்தது பலமே இல்லை, அந்தக் கேள்வியின் பொருள். பொருள் புரிந்த பிறகு தாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் குறைந்துபோனது. அதற்கு முன்னால் நான் பொறுமை என்று நினைத்தது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை. மற்றவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க முடிந்தால் பல்லைக் கடிக்கும் வேலை பாதியாகிவிடுகிறது என்பதை, அந்த அறையில் அத்தனை மாலைகள் தோற்காமல் நான் கற்றிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதத்தில்தான் நான் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னேன், என்னால் ஏழு நாளும் முடியவில்லை என்று. அவன் வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்துக்கொண்டான். அதையும் வேண்டுதலுக்கு வந்த பதிலாகத்தான் எண்ணுகிறேன். பதில் எப்போதும் நம் மனசுக்குள்ளே மட்டும் வரவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம் என்று தெரியவில்லை. சில நேரம் அது தம்பியாக வரும், நல்ல மருத்துவராக வரும்.

கஷ்டத்துக்குப் பிறகு மனிதர்கள் வளர்கிறார்களா என்பதை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1996-இல் இதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பெரிய அதிர்ச்சிகளைக் கடந்தவர்கள் ஐந்து வகையில் மாற்றத்தைச் சொன்னார்கள்: மற்றவர்களோடு உறவு ஆழமாவது, புதிய வழிகள் தெரிவது, தன் பலம் தெரிவது, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை புரிவது. அவர்கள் வலியுறுத்தும் ஒரு விஷயம் உங்களுக்கு முக்கியம். வளர்ச்சி அந்தத் துயரத்திலிருந்து தானாக வருவதில்லை, துயரத்துக்குப் பிறகு மனிதர் அதோடு மல்லாடுவதிலிருந்து வருகிறது. வளர்ச்சி வந்தவருக்கு வலி போய்விடும் என்றும் இல்லை, இரண்டும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கும். மனிதர்கள் தாங்களே சொல்லும் வளர்ச்சியை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகமும் ஆய்வாளர்களிடையே உண்டு. ஆகவே இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இது பொறுமையைவிட எளிது என்பேன், ஏனென்றால் பயம் குறையும் விதம் ஓரளவு தெளிவாகத் தெரியும். பயப்படும் இடத்திலிருந்து விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே "விலகியதால்தான் தப்பித்தாய்" என்று மனதுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வருகிறது. மாறாக, சமாளிக்கக்கூடிய அளவில் திரும்பத் திரும்ப அதன் முன்னால் போய் நின்றால், நினைத்தது நடக்கவில்லை என்பதை மனம் மெல்லக் கற்கிறது. பயத்துக்கான உளவியல் சிகிச்சையின் அடிப்படையே இதுதான். பலர் முன்னால் பேசும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது என்கிறீர்கள். பயம் போக வேண்டும் என்ற வேண்டுதலுக்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்க முடியும்? முதலில் இரண்டு பேர் முன்னால் பேசிப் பாருங்கள், அப்புறம் ஐந்து பேர். குரல் நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே முடித்துவிட்டு உட்காருவதும் நீங்கள் கேட்டதுதான்.

இப்போது அந்த எலும்பு முறிவு விஷயம். இங்கே நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அடி, மிரட்டல், அவமானம் இவற்றை "கடவுள் எனக்கு வைத்த பயிற்சி" என்று சொல்லிக்கொண்டு தாங்கிக்கொள்ளக் கூடாது. அந்த மேலதிகாரி வேலையைக் குறை சொல்கிறாரா, மனிதரை அசிங்கப்படுத்துகிறாரா என்று பாருங்கள். முதலாவது என்றால் பொறுமைக்கு வேலை இருக்கிறது. இரண்டாவது என்றால் தேதி போட்டு எழுதிவைப்பதும், மேலே புகார் சொல்வதும், வேறு வேலை தேடுவதும்தான் அங்கே தேவை. அதற்கும் தைரியம் வேண்டும், நீங்கள் கேட்டதும் அதைத்தானே. அதேபோல, தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அது குணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும், நெருக்கமான ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

இந்த விளக்கத்தை இன்னொருவர் துக்கத்தில் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் "கடவுள் உங்களை வளர்க்கிறார்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் கேட்பவர் நெஞ்சில் அது கல்லாக விழுகிறது. துன்பத்தில் இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று சொல்லும் உரிமை அதை அனுபவித்தவருக்கு மட்டும்தான் உண்டு.

"கடவுள் என்னைத் தண்டிக்கிறார், என்னைக் கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணத்திலேயே தங்கிவிடவும் வேண்டாம். அதற்குப் பதிலாகக் கடவுளோடு எப்படி நிற்கலாம் என்று பார்க்க ஓர் ஆய்வு உதவும். மதமும் மன உளைச்சலும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். பிரச்சினை வரும்போது நம்பிக்கையாளர்கள் நடந்துகொள்ளும் விதத்தை அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1988-இல் மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது ஒன்று. கடவுள் கொடுத்த அறிவை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது இன்னொன்று. மூன்றாவது, கடவுளும் நானும் சேர்ந்து செய்கிறோம் என்பது. என் அனுபவத்தில் குணம் வேண்டிக் கேட்பவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் பொருந்துகிறது. முதல் வகையில் பொறுமை ஒரு பொட்டலமாக வரும் என்று காத்திருப்போம். இரண்டாம் வகையில் ஒவ்வொரு சறுக்கலும் நம் தோல்வியாகவே தெரியும், சீக்கிரம் களைத்துவிடுவோம்.

சேர்ந்து செய்வது என்றால் எப்படி? உங்கள் வேண்டுதலைச் சின்னதாக்குங்கள். "பொறுமை கொடு" என்பது மிகப் பெரிய வாக்கியம், எந்த இடத்திலும் பிடிபடாது. எந்த நேரத்தில், எந்தச் சொல்லுக்கு உடைகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நாள் முழுக்க யாரும் உடைவதில்லை, அநேகமாக ஒன்றிரண்டு இடங்கள்தான் இருக்கும். உங்களுக்கு அது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து, மாமியாரின் அறையிலிருந்து கூப்பிடும் குரல் கேட்கும் அந்தப் பத்து நிமிடமாக இருக்கலாம். அப்படியானால் காலையில் அதையே சொல்லுங்கள்: "இன்று சாயங்காலம் களைத்துப்போய் வருவேன். அந்தக் குரல் கேட்கும்போது எரிச்சல் வரும். கதவருகே ஒரு நிமிஷம் நிற்க எனக்கு ஞாபகப்படுத்து." வேண்டிவிட்டு, கணவரிடமோ வீட்டில் இருக்கும் வேறொருவரிடமோ அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். இரவில் ஒரே ஒரு கேள்வி போதும், இன்று அந்தக் கதவருகே நின்றேனா என்று. நிற்காத நாட்கள் நிறைய இருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத் தூங்குங்கள், காலையில் அதே வேண்டுதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.